எந்த இலைக்குத் தண்ணி?

உட்கார்ந்தாயிற்று. முதுகு நேராக இருக்கிறது, பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்கின்றன, கைகள் மடியில் மல்லாந்து கிடக்கின்றன, கண்ணையும் மூடியாயிற்று. இனி இருபது நிமிஷத்துக்கு இந்த மயிலாத்தாளுக்கு ஒரு வேலையும் கிடையாது. வேலை இல்லாமல் கடைசியாக எப்போது இருந்தேன்? பிரசவத்துக்குப் படுத்திருந்தபோதுகூடப் பக்கத்துக் கட்டில்காரிக்கு வெந்நீர் வந்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தவள் நான். சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார், கையில் ஒரு டம்ளர், ஒரு கரண்டி. கிட்டுசாமி, மில்லில் முப்பத்தொரு வருஷம் நூல் ஓட்டியவர், சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் சாப்பிட்டவர், மணி பார்க்க அவரைவிட நல்ல ஆள் இந்த ஒண்டிப்புதூரில் கிடைக்காது. இப்போது ஆறு பத்து. ஆறரை ஆனதும் டம்ளரில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அதுவரை வாயைத் திறக்கக்கூடாது, இருமுவதாக இருந்தாலும் வெளியே போய்த்தான் இரும வேண்டும். “இருமறதுக்குமா?” என்று கேட்டார். “அதுக்குந்தானுங்க” என்றேன். பாவம், அப்போதே தொண்டையைச் செருமிக்கொண்டார். இன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். இதுவரை நான் அதிகமாக உட்கார்ந்தது ஒன்பது நிமிஷம். பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருபது நிமிஷம் ஆடாமல் அசையாமல் இருந்துவிட்டால் போவது, முடியாவிட்டால் போன் போட்டு வரவில்லை என்று சொல்லிவிடுவது. நேற்று சாப்பிடும்போது நானே சொன்ன ஏற்பாடு இது. சொன்னபோது ஏதோ பெரிய வீராங்கனை மாதிரித்தான் இருந்தது.

இருபது நிமிஷம் என்பது கண் டாக்டர் சொன்னது. வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணிலும் தொடங்கிவிட்டது. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு லென்ஸ் வைத்துவிடலாம், இருபது நிமிஷ வேலை, நீங்கள் பேசாமல் படுத்திருந்தால் போதும் என்றார். படுத்திருப்பது என்ன பெரிய வித்தையா என்று போன மாதம் போய்ப் படுத்தேன். தலைக்கு மேலே வெளிச்சம், முகத்துக்கு மேலே பச்சைத் துணி, அதில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் கத்தியை எடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் நின்ற நர்ஸிடம், “சிஸ்டர், தண்ணி விடுங்க” என்றார். கண்ணில் விடச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியுமா? இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாண மண்டபங்களில் பந்தி மேற்பார்வை. தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்தால் எந்த வரிசை, யார் விக்குகிறார் என்று தலை தானாகத் திரும்பும், அதற்கு என் அனுமதி தேவையில்லை. துணியோடு தலையைத் தூக்கி, “எந்த இலைக்குங்க?” என்று கேட்டுவிட்டேன். ஏதோ தட்டு கீழே விழுந்து உருண்டது. நர்ஸ் முகமூடிக்குள் சிரித்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. “அம்மா, அரை நிமிஷம் கழிச்சுத் திரும்பியிருந்தீங்கன்னா என்ன ஆயிருக்கும் தெரியுமா?” என்றார். முழு மயக்கம் கொடுத்துச் செய்யலாம் என்றால் போன வருஷம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த டாக்டர் கூடவே கூடாது என்கிறார். ஆக, நான் முழித்துக்கொண்டே சும்மா கிடக்க வேண்டும், வேறு வழி இல்லை. “இன்னொரு தேதி தர்றேன். அன்னிக்கும் அசைஞ்சீங்கன்னா நான் கை வைக்க மாட்டேன்” என்று சொல்லி, சும்மா இருக்கப் பழக்கிவிடும் ஹெலன் சிஸ்டரிடம் அனுப்பிவிட்டார்.

மூக்கு நுனி அரிக்கிறது. வந்துவிட்டது பார், சரியாக ரெண்டாவது நிமிஷம், தினமும் இதே நேரத்துக்கு வரும், பால்காரர்கூட இப்படி நேரம் தவறாமல் வருவதில்லை. சொறியக்கூடாது. ஆப்பரேஷன் மேஜையில் மூக்கு அரித்தால் என்ன செய்வாய், கையைத் துணிக்குள்ளிருந்து எடுப்பாயா? அரிக்கட்டும். அரித்துவிட்டு எங்கே போகும், என் மூக்குதானே. முதல் நாள் மூக்கு, ரெண்டாம் நாள் இடது கால் மரத்துப்போனது, மூன்றாம் நாள் அப்பாடா என்று ஓர் அமைதி வந்தது, அடடா, கிடைத்துவிட்டது என்று பூரித்துப்போனேன், குறட்டை என்று அவர் அப்புறம் சொன்னார். நாலாம் நாள் அடுப்பை அணைத்தேனா என்ற சந்தேகம். அணைத்திருந்தேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், பார்த்தபோது தெரியாமல் திருகிவிட்டேனோ என்று அடுத்த சந்தேகம். அடுப்பு இன்றைக்கு அணைந்திருக்கிறதா? அணைந்திருக்கிறது. அணைந்திருக்கிறது மயிலா. உட்கார். இந்த மனசைப் போல ஒரு வேலையாள் என்னிடம் சேர்ந்திருந்தால் முதல் பந்தியிலேயே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

ஹெலன் சிஸ்டருக்கு முப்பது வயதிருக்கலாம், சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும். அஞ்சு நிமிஷத்தில் சொல்லிக்கொடுத்து முடித்துவிட்டாள். “ஒண்ணுமே இல்லம்மா. கண்ண மூடி உக்காந்து மூச்சக் கவனிங்க. மனசு எங்கியாச்சும் போச்சுன்னா கூட்டிட்டு வந்து திரும்பவும் மூச்சக் கவனிங்க. அவ்வளவுதான்.” கவனிப்பதா? அதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? மாப்பிள்ளை வீட்டாரைக் கவனி, கடைசி வரிசையைக் கவனி, அந்தச் சர்க்கரைக்காரர் பாயசம் வேண்டாமென்பார், அவரைத் தனியாகக் கவனி. கவனித்துக் கவனித்துத்தான் நான் பேர் வாங்கினேன். மூச்சைக் கவனித்துவிட மாட்டேனா என்று அன்றைக்கே இறங்கிவிட்டேன். வாங்க வாங்க என்று உள்ளே இழுத்தேன், போதாது, இன்னும் கொஞ்சம் என்று நிரப்பினேன், அதற்குள் என்ன அவசரம் என்று பிடித்து நிறுத்தினேன், கிளம்பும்போது சும்மா விடலாமா, வாசல்வரை கூடவே போய் வழியனுப்பினேன். நாலாவது நிமிஷம் தலை சுற்றும், அஞ்சாவது நிமிஷம் காதில் ங்ஙொய் என்று ஓசை வரும். இதுதான் தியானம் போலிருக்கிறது, பெரியவர்கள் எல்லாம் இப்படித்தான் கஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்று பதினோரு நாள் பொறுத்துக்கொண்டேன். நேற்று சாயங்காலம்தான் மனசு கேட்காமல் போன் போட்டேன். “நல்லாத்தானுங்க கவனிக்கறேன் சிஸ்டர், ஒரு மூச்சுக்கும் கொற வெக்கல, அப்பிடியும் கிறுகிறுங்குது” என்றேன். எப்படிக் கவனிக்கிறீர்கள் என்று கேட்டாள், சொன்னேன். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “ஐயோ அம்மா, மூச்சுக்கு விருந்தா வெக்கறீங்க? சும்மா பாருங்கம்மா. அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்.” பார்த்துவிட்டு என்ன செய்யணுமுங்க என்று கேட்டேன். “பாத்துட்டு ஒண்ணும் செய்யாதீங்க.” அதுதான் எனக்கு விளங்கவில்லை. ஒன்றும் செய்வதற்கில்லை என்றால் எதற்குப் பார்ப்பது? கண் என்று ஒன்று இருப்பதே, எந்த இலையில் என்ன குறைகிறது என்று பார்த்துச் செய்வதற்குத்தானே?

கண்ணை நினைத்துவிட்டேன். நினைத்திருக்கக்கூடாது. இதோ நெஞ்சுக்குள் அது எழுந்து வருகிறது, போன ஆவணியில் நடந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு இலையின் முன்னால் நின்று, “இந்த இலைல பொரியல் வெக்கவே இல்ல, யாரு இந்த வரிசை?” என்று சத்தம் போட்டேன். அந்த இலைக்காரர் மெதுவாக, “வெச்சிருக்குதுங்கம்மா” என்றார். குனிந்து பார்த்தால் வெள்ளையாக ஒரு புகை, புகைக்குள் பச்சை, பச்சைக்குள் பொரியல். தேவராஜ் மாஸ்டர் நல்ல மனிதர், சமையலும் ஆட்களும் எல்லாம் அவர் பொறுப்பு, ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அடுத்த கல்யாணத்தில், “அக்கா, நீங்க இன்னிமேலு வாசல்ல நின்னு சந்தனம் குடுத்து வரவேத்தீங்கன்னா போதுமுங்க” என்றார். வாசலில் நிற்பது மரியாதையான வேலைதான். ஆனால் என் பந்தி உள்ளே நடக்கிறது. ரசம் வந்துவிட்டது என்று வாசனை வருகிறது, எந்த வரிசைக்கு முதலில் போகிறது என்று தெரியாமல் நான் சந்தனக் கிண்ணத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும், மண்டபத்துப் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் போய் நன்றாக அழுதுவிட்டுத்தான் வந்தேன். இன்றைக்கு முடியாமல் போனால் அவ்வளவுதான், சந்தனக் கிண்ணம்தான், அப்புறம் அந்தக் கிண்ணமும் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? அஞ்சா? அவர் ஏன் அசையவே இல்லை? தூங்கிவிட்டாரா? கண்ணைத் திறந்து ஒரு தரம், ஒரே ஒரு தரம் பார்த்தால் என்ன? வேண்டாம். மூச்சு எங்கே? மூச்சைத் தொலைத்துவிட்டேன், கூட்டிக்கொண்டு வா, வாங்க வாங்க, இப்படி உட்காருங்க, ஐயோ, மறுபடியும் உபசாரம் ஆரம்பித்துவிட்டேனே.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாணம். ஏன் இப்போது அது ஞாபகத்துக்கு வருகிறது என்று தெரியவில்லை. நல்ல உயரமாக ஒருத்தர், ஓரமாக உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இலையில் ஏதோ குறைகிற மாதிரியே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. சாம்பார் வாளியை அனுப்பினேன், இலைமேல் கையை விரித்து மறைத்துவிட்டார். இனிப்புக்கு ஒப்புட்டு அனுப்பினேன், மறைத்துவிட்டார். அப்பளம், தயிர், இன்னொரு தரம் நெய், எல்லாவற்றுக்கும் அதே கை. சரி, ஆட்கள் சரியாகக் கேட்கவில்லை என்று நானே போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் ஒரு வாய் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். “அம்மிணி, சாப்பாடு அருமையா இருக்குதுங்க. ஆனா நீங்க பக்கத்துல நின்னீங்கன்னா எனக்கு உள்ள எறங்க மாட்டேங்குதுங்க.” எனக்குச் சுருக்கென்றது. நாலு எட்டு பின்னால் போய்த் தூணோரம் நின்றேன். அங்கிருந்து பார்த்தேன். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். ரசத்தைக் கையால் வழித்து வழித்து, கண்ணை லேசாக மூடி, யாரும் இல்லாத இடத்தில் சாப்பிடுகிறவர் மாதிரிச் சாப்பிட்டார். அன்றைக்கு எண்ணூறு பேர் சாப்பிட்டார்கள், அவர் ஒருத்தர் சாப்பிட்டது மட்டும்தான் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எண்ணூறு பேரையும் கவனித்தேன், அவரை மட்டும்தான் பார்த்தேன்.

அட.

சரி. நாலு எட்டு பின்னால் போவோம். மூச்சு அங்கே இருக்கட்டும், நான் தூணோரம் நிற்கிறேன். வாளி இல்லை கையில். வருகிறது. மூக்கின் உள்பக்கம் கொஞ்சம் குளிர்ச்சியாக, நான் இழுக்காமலே வருகிறது. ரொம்பச் சின்ன மூச்சு, போதுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது, கேட்கவில்லை. போகிறது. வெதுவெதுப்பாகப் போகிறது. அப்புறம் ஒன்றும் இல்லை, கொஞ்ச நேரம் இலை காலியாகக் கிடக்கிறது, எனக்குக் கை துறுதுறுக்கிறது, காலி இலையைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசான காரியமா? நின்றேன். தானாகவே அடுத்தது வந்தது. இத்தனை வருஷம் நான் தூங்கும்போதெல்லாம் இது தானாகத்தானே வந்து போய்க்கொண்டிருந்தது, அப்போது யார் மேற்பார்வை பார்த்தார்கள்? நினைத்ததும் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பும் வந்துவிட்டுப் போகட்டும். பக்கத்து வீட்டில் குக்கர் ஒரு விசில் அடித்தது, தெருமுனையில் கீரைக்காரர் போகிறார், கழுத்துக்குப் பின்னால் ஒரு சொட்டு வியர்வை இறங்குகிறது. மூக்கரிப்பு எப்போது போனது? போகும்போது சொல்லிக்கொள்ளவே இல்லையே. இடது கால் மரக்கத் தொடங்கிவிட்டது, மரக்கட்டும். எனக்குள் இத்தனை பெரிய இடம் இருப்பது தெரியாமலே அறுபது வயதை நெருங்கிவிட்டேன். யாரும் விக்கவில்லை, யாரும் காத்திருக்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறது. எதற்கு என்று தெரியாத சந்தோஷம், சின்ன வயசில் பள்ளிக்கூடம் திடீரென்று லீவு விட்டபோது வருமே, அது.

“தண்ணி!”

எதிர்வீட்டு ராஜாமணியின் குரல். மில் சங்கு நின்றுபோனதிலிருந்து இந்தத் தெருவுக்கு அவள் குரல்தான் சங்கு. “தண்ணி வந்திருச்சு! ஏனுங்க, எல்லாரும் எந்திரிங்க! மயிலக்கா! அக்கோவ்! தண்ணி வந்திருச்சுங்கோ!” ஒன்பது நாளாக வராத தண்ணீர். ஒன்பது நாள்! தொட்டியில் அடிமண் தெரிகிறது, குடத்தில் நேற்று ராத்திரியே கை விட்டு எடுக்கும்படி ஆகிவிட்டது, இப்போது விட்டால் இன்னும் எத்தனை நாளோ. என் வலது கால் கட்டைவிரல் தரையை அழுத்திவிட்டது. கை இரண்டும் மடியிலிருந்து கிளம்பிவிட்டன. தலை குழாய் இருக்கும் பக்கம் திரும்பப் பார்க்கிறது. கழுத்து நரம்பு இழுக்கிறது, எந்த இலைக்கு, எந்த இலைக்கு என்று உள்ளே ஒருத்தி பதறிக்கொண்டு எழுந்து நிற்கிறாள். அவளைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷமாக என்னை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தவள் இவள்தானா? இவ்வளவு பக்கத்தில் இவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. நல்லவள்தான். ஒருத்தரும் தண்ணீர் இல்லாமல் விக்கக்கூடாது என்கிறாள், வேறு ஒன்றும் தப்பு இல்லை அவளிடம். இரு கண்ணு, கொஞ்சம் நில் என்றேன். அவள் நின்றாள். கட்டைவிரல் இளகியது, கை இரண்டும் மெல்ல மடிக்குத் திரும்பி வந்தன. மூச்சு வந்தது, போனது. ராஜாமணி மறுபடி, “மயிலக்கோவ்!” என்றாள். கேட்டது. எனக்குள் ஒன்றும் உருளவில்லை, எந்தத் தட்டும் கீழே விழவில்லை. ஐயோ சாமி, எந்திரிக்கவில்லையே நான்! தண்ணீர் என்று கத்துகிறார்கள், நான் எந்திரிக்கவில்லையே! கூவிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது, உதட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது. டம்ளரையும் கரண்டியையும் எங்கோ வைத்தார். குடங்கள் ஒன்றோடொன்று இடித்தன, செருப்பு சரட் சரட்டென்று வாசலுக்குப் போனது. அவர் போய்விட்டால் ஆறரைக்கு யார் தட்டுவது? தட்டினால் தட்டுகிறார், இல்லாவிட்டால் எப்போதாவது யாராவது கூப்பிடுவார்கள். தெருவெல்லாம் சலசலவென்று நிறைகிறது. யாரோ மோட்டார் போடுகிறார்கள், “மோட்டாரு போட்டு உறிஞ்சாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!” என்று ராஜாமணி சண்டைக்குப் போகிறாள், அவர் நடுவில் புகுந்து ஏதோ சமாதானம் சொல்கிறார், பித்தளைக் குடத்தில் விழும் தண்ணீர் முதலில் கணீரென்று இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மிப் போகிறது. அந்தச் சத்தம் இத்தனை அழகு என்று எனக்குத் தெரியாது. பதினோரு மணிக்கு டாக்டர், “சிஸ்டர், தண்ணி விடுங்க” என்பார். விடட்டும். என் கண்ணில்தான் விடப் போகிறார்கள், வேறு எந்த இலைக்கும் இல்லை. மூச்சு வந்தது. போனது. நடுவில் எங்கோ ஒரு தரம் பொரியல் ஞாபகம் வந்தது, அதுவும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இடம் இல்லையென்று போய்விட்டது.

கண்ணைத் திறந்தபோது அவர் முன்னால் நிற்கிறார். வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் முகத்தோடு. தெருவில் சத்தமே இல்லை.

“இன்னும் புடிக்கலீங்களா? போங்க, நின்னுரப் போகுது” என்றேன்.

“எங்க புள்ள புடிக்கறது? தொட்டி ரொம்பி, கொடமெல்லாம் ரொம்பி, தண்ணி நின்னே அஞ்சு நிமிசம் ஆச்சு. மணியப் பாக்கவே மறந்துட்டேன். நாந்தான் கெடுத்துப்போட்டேன்.”

சுவரைப் பார்த்தேன். எனக்குக் கடிகாரம் வெள்ளையாக ஒரு வட்டம், அவ்வளவுதான். “மணி என்னுங்க?”

“ஆறே முக்கால்” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு கையை மடக்கி, விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முப்பத்தஞ்சு நிமிஷம். என் முகத்தை உற்றுப் பார்த்தார். “ஏம்புள்ள, தூங்கிட்டயா?”

“இல்லீங்க. நீங்க மோட்டார்ச் சண்டைல பஞ்சாயத்துப் பேசுனதுகூடக் கேட்டுதுங்க.”

“அப்போ ராஜாமணி தண்ணி தண்ணின்னு அந்தக் கத்துக் கத்துனது?”

“கேட்டுதுங்க.”

“கேட்டுமா எந்திரிக்கல?”

“யாராச்சும் கவனிச்சுக்குவாங்கன்னு விட்டுட்டேனுங்க” என்றேன்.

தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர்போலச் சமையலறைக்குப் போய், வைத்த இடத்தில் இருந்த டம்ளரையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்து, என் எதிரில் நின்று, ணங் என்று ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

“ஆச்சு புள்ள” என்றார். “எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”